கடைசித் தெருவின் தண்ணீர் நோட்டுகள்

பிப்ரவரி 8, ஞாயிறு

பாலக்காட்டுக் கணவாய்க் காற்று விடியும் முன்பே ஆரம்பம். கொடியில் போட்ட துண்டு இரண்டும் பக்கத்துத் தோட்டத்து வேலியில்.

எட்டாம் வகுப்பில் ஒரு பெண் கேட்ட கேள்வி இன்று நினைவுக்கு வந்தது. சராசரி எடுப்பது எப்படி என்று கரும்பலகையில் போட்டு முடித்திருந்தேன். “டீச்சர், இந்தச் சராசரி ஆளு எந்தத் தெருவுல இருக்காருங்க?” வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். மணி அடித்துவிட்டது. ஓய்வு பெற்று ஏழு வருடம். இன்னும் முழுப் பதில் கைவசம் இல்லை.

நினைவு வரக் காரணம், பஞ்சாயத்துக் காகிதம். எங்கள் வார்டின் நாலு தெருவுக்கும் சேர்த்து வீட்டுக்கு இத்தனை குடம் என்று சராசரி போட்டிருக்கிறார்கள். அந்தக் கணக்குப்படி எல்லார் வீட்டிலும் தண்ணீர். கடைசித் தெருவில் குடியிருக்கும் எனக்கல்லவா தெரியும்.

பின்னால் மறக்காமல் இருக்க:

– நோட்டுகள் 22. எழுதுவது அயல்கூட்டம் என்கிற மகளிர் குழுப் பெண்கள். நானும் ஒருத்தி. நவம்பரிலிருந்து. கடைசித் தெருவில் மட்டும் ஆறு நோட்டு.

– நாளொன்றுக்கு மூன்று கட்டம். முதல் கட்டம்: குழாயில் எத்தனை குடம் வந்தது. இரண்டாவது: வெளியே எடுத்திருந்தால் எங்கே, யார் வீட்டில். மூன்றாவது: யாருக்குக் கொடுத்தோம்.

– கணக்குப் போடுவது அனுபமா. திருச்சூர்ப் பக்கம் ஓர் ஆராய்ச்சி நிலையத்தில் புள்ளியியல். தட்டுப்பாடு வந்தால் ஓர் ஊர் தனக்குள் எப்படிப் பங்கிட்டுக்கொள்கிறது என்பது அவள் ஆராய்ச்சி.

– எங்கள் தேவை இன்னும் நேரானது. கடைசித் தெருவுக்குத் தண்ணீர் விடத் தனி முறை வேண்டும். 26ஆம் தேதி தண்ணீர்க் கமிட்டி யோகம், அதாவது கூட்டம். அன்று விட்டால் கோடை முடிந்துதான் அடுத்தது.

– பஞ்சாயத்துப் பதிவேடு சொல்வது: செவ்வாய், வெள்ளி, நாலு தெருவுக்கும் வால்வு திறக்கப்பட்டது.

பிரஷர் மாத்திரை தீர்ந்தது. நாளை வாங்க.

பிப்ரவரி 10, செவ்வாய்

காற்று குறைவு. மாமரத்தில் பூ நிறைய.

காலை முழுக்க வீடு வீடாகப் போய் நோட்டுகளைச் செல்போனில் படம் எடுத்தேன். இடுப்பு வலி. ஆனாலும் மனசு நிறைந்த நாள்.

சரசுவின் நோட்டு நடுவில் பசு நக்கிய ஈரம். (சரசு எனக்கு நாலு வீடு தள்ளி. இரண்டு மாடு, ஒன்றரை ஏக்கர் நிலக்கடலை.) ஒரு நோட்டில் குடம் குடமாகப் படம். ஒன்றில் தேதிகள் மலையாளத்தில், மீதி தமிழில். ஒரு நோட்டுக்கு மட்டும் கல்யாணப் பத்திரிகை அட்டை. மூன்று மாதம், ஒருத்தியும் விட்டுவிட்டுப் போகவில்லை. முப்பத்தொரு வருட வகுப்பில் இப்படி வீட்டுப்பாடம் வாங்கியதில்லை.

முதல் வாரத்துச் சண்டை ஞாபகம். ஒரு குடம் என்றால் பிளாஸ்டிக் குடமா, எவர்சில்வரா? சரசு அன்றைக்கு எழுந்து நின்று, “எம்பட மாமியா குடம் பெருசுங்க, அதுல ஒண்ணுன்னா இவிகளுக்கு ஒண்ணேகால்”, என்றாள். அளவு என்றால் என்ன என்று ஒரு பாடம் முழுக்க நடத்தினாலும் இவ்வளவு தெளிவாக நான் சொல்லியிருக்க மாட்டேன். எல்லாரும் பிளாஸ்டிக் குடம் என்று அன்றே முடிவு.

படங்கள் அனுபமாவுக்குப் போய்விட்டன.

பிப்ரவரி 14, சனி

அனுபமா வந்தாள். பாலக்காட்டிலிருந்து பஸ். சாப்பாட்டு மேசையில் லேப்டாப்.

அவள் வரைந்த படம் அழகு. வீடு ஒவ்வொன்றும் ஒரு புள்ளி. யார் யாருக்குத் தண்ணீர் கொடுத்தார்களோ அவர்களுக்கு நடுவே கோடு. அடிக்கடி கொடுத்தால் கோடு தடிமன். நாலு தெருவும் சிலந்தி வலை மாதிரி. பக்கத்து வீட்டுக்காரி யாரிடம் பேசமாட்டாள் என்பதுகூடத் தெரிகிறது. அதைச் சொன்னதும் அனுபமா சிரித்தாள்.

அடுத்த படத்தில்தான் குழப்பம். குழாய்த் தண்ணீர். செவ்வாயும் வெள்ளியும் கடைசித் தெருவுக்கும் சுமாராகத் தண்ணீர் வருகிறதாம். பஞ்சாயத்துப் பதிவேடு சொல்வதே கிட்டத்தட்ட.

இல்லையே, வெள்ளிக்கிழமை எங்கள் தெருவில் தண்ணீரே அபூர்வம் என்றேன்.

“டீச்சரே, ஓர்மையும் கணக்கும் ரெண்டும் ரெண்டல்லே?”

ஞாபகம் வேறு, பதிவு வேறு. வகுப்பில் நானே சொன்னதுதான். கெட்ட நாள் மனதில் நிற்கும், நல்ல நாள் நிற்காது.

செவ்வாய், வெள்ளியில் கடைசித் தெரு நோட்டுகளில் விட்டுப்போன கட்டங்கள் பல உண்டாம். அது எல்லா ஆய்விலும் நடப்பதுதான் என்றாள். அப்படிப்பட்ட கட்டத்தை, அதே நாளில் மற்ற வீடுகளில் வந்ததையும், அதே வீட்டில் மற்ற வாரம் வந்ததையும் வைத்துக் கணினி மதிப்பிட்டு நிரப்பும். ஒரே ஒரு நோட்டு எதோடும் ஒத்துப்போகவில்லை. செவ்வாய் 0, வெள்ளி 0, வரிசையாக. அந்த வீட்டுக் குழாயில் கோளாறு இருக்கலாம், அதை ஒதுக்கிவைத்திருக்கிறேன் என்றாள்.

ஜமீலா நோட்டு.

ஜமீலா கடைசித் தெருவின் கடைசி வீடு. முன்னால் மளிகைக் கடை, பின்னால் அடிபம்பு. ராவுத்தர் வீட்டுப் பெண். பேச்சில் ஒரு சொல் கூடாது, குறையாது. அவள் எழுதியது தப்பாக இருக்குமா?

பிளம்பரைக் கூப்பிட்டுப் பார்ப்போம் என்று நானே சொன்னேன்.

பிப்ரவரி 16, திங்கள்

வெயில். கேஸ் சிலிண்டர் வந்தது.

பிளம்பர் பார்த்தார். ஜமீலா வீட்டுக் குழாயில் ஒரு கோளாறும் இல்லை. பைப்பில் அடைப்பில்லை, டேப் புதுசு.

எதற்காகப் பார்த்தோம் என்று ஜமீலாவிடம் சொல்ல வேண்டியதாயிற்று. பருப்பு அளந்துகொண்டிருந்தாள். அளந்து முடித்து, கட்டி, வந்தவளிடம் கொடுத்து அனுப்பிவிட்டுத்தான் பேசினாள்.

“இருவத்திரெண்டு நோட்டுல என் நோட்டு மட்டும் பொய்யா டீச்சர்?”

பொய் என்று யாரும் சொல்லவில்லை, மற்றவற்றோடு சேரவில்லை என்றுதான், என்று இழுத்தேன்.

“சேரலைன்னா ஒண்ணு நான் தப்பு, இல்லாட்டி அவங்க தப்பு. நீங்க என் ஊட்டுக்குத்தானே பிளம்பரக் கூட்டிட்டு வந்தீங்க.”

நோட்டை எடுத்துக் கல்லா மேல் வைத்தாள். இனி எழுதவில்லையாம். வேண்டுமானால் எடுத்துக்கொண்டு போகலாமாம். எடுக்கவில்லை. வீடு வரைக்கும் காது சூடு.

யோகத்துக்குப் பத்து நாள். கணக்கு பஞ்சாயத்துப் பக்கம். ஒரு நல்ல நோட்டும் போச்சு.

பிப்ரவரி 17, செவ்வாய்

மாலை ஏழு மணிக்கு நடந்ததை அப்படியே எழுதுகிறேன்.

விளக்கு வைத்தேன். நோட்டை எடுத்தேன். இன்று குழாயில் சொட்டு இல்லை. பேனா முதல் கட்டத்தைத் தாண்டி இரண்டாவதற்குப் போய், ‘கோயில் கிணறு, 2 குடம்’ என்று எழுதிவிட்டது.

முதல் கட்டம் காலி.

ஏன் விட்டேன்? மறதியா? இல்லை. செவ்வாய்க்கிழமை, விளக்கு வைத்த வீட்டில், தண்ணீருக்கு நேரே சுழி போடக் கை வரவில்லை. அரிசி தீர்ந்தால் இல்லை என்று சொல்லாமல் நிறைந்திருக்கிறது என்று சொல்லித்தானே இந்த வீடுகளில் வளர்ந்தோம். உப்புக்கும் அப்படி. மஞ்சளுக்கும் அப்படி. தண்ணீருக்கு மட்டும் வேறா?

பழைய பக்கங்களைப் புரட்டினேன். புதன், வியாழன், சனி எல்லாம் தாராளமாக 0. முறையில்லாத நாளில் தண்ணீரை யாரும் எதிர்பார்க்கவில்லை, உறுத்தலும் இல்லை. செவ்வாய், வெள்ளியில் தண்ணீர் வந்த நாளில் எண் இருக்கிறது. வராத நாளில் வெற்றுக் கட்டம். நவம்பர் முதல் அப்படியே. கணக்கு டீச்சர் எழுதிய நோட்டு.

செல்போனில் இருந்த மற்றக் கடைசித் தெரு நோட்டுப் படங்கள். சரசு, காலி. பத்திரிகை அட்டைக்காரி, காலி. குடம் வரைகிறவள், காலி. மலையாளத்தில் தேதி போடுகிறவள், காலி. ஜமீலா வீட்டில் செவ்வாயும் வெள்ளியும் இப்படிக் கிடையாது. தண்ணீர் வராவிட்டால் சுழி. அவ்வளவுதான்.

தெருவிலேயே நேராக எழுதினது அவள் ஒருத்தி.

பிப்ரவரி 18, புதன்

விடிந்ததும் சரசு வீடு. பால் கறந்துகொண்டிருந்தாள். செவ்வாய், வெள்ளியில் முதல் கட்டத்தை ஏன் விடுகிறாய் என்று கேட்டேன்.

“ஏனுங் டீச்சர், பொழுதோட வௌக்கு வெச்சுப்போட்டு, இல்லைன்னு எழுதச் சொல்றீங்களா?”

முந்தியே சொல்லியிருக்கலாமே என்றேன். இதையெல்லாமா சொல்லுவாங்க என்று திருப்பிக் கேட்டாள். சரிதான். எனக்கே நேற்றுத்தானே தெரிந்தது.

அந்தக் காலிக் கட்டத்தைக் கம்ப்யூட்டர் தண்ணீர் வந்ததாக எடுத்துக்கொண்டது என்று விளக்கினேன். கறப்பதை நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

“அதுக்குப் பக்கத்துக் கட்டத்தப் பாக்கத் தெரியாதுங்களா? தண்ணி வந்துச்சுன்னா நான் எதுக்குங் குடத்தத் தூக்கிட்டுக் கெணத்துக்குப் போறேன்?”

அங்கேயே மாட்டுக்கொட்டகைப் படியில் உட்கார்ந்துவிட்டேன். இரண்டாவது கட்டம். அது காலியில்லையே. கிணறு, ஜமீலா வீடு, கிணறு, ஜமீலா வீடு. இல்லை என்ற சொல்லைத்தான் எழுதவில்லை. என்ன நடந்தது என்று எல்லாரும் எழுதித்தான் வைத்திருக்கிறார்கள்.

மற்ற மூன்று வீட்டிலும் கேட்டேன். அதே பதில். இனிமேல் அந்த நாளிலும் சுழி போடலாமா என்றதற்குச் சரசு முடியாது என்றாள். கணக்குக்காக வெள்ளிக்கிழமையும் அதுவுமாக அப்படி எழுத மாட்டாளாம். நான் வற்புறுத்தவில்லை. எனக்கும் வராது.

காபி கொடுத்தாள். சர்க்கரை வேண்டாம் என்று சொல்ல மறந்து குடித்துவிட்டேன்.

பிப்ரவரி 19, வியாழன்

அனுபமாவுக்குப் போன். உதாரணம் சொன்னால்தான் எனக்கே பேச வரும். பரீட்சைக்கு வராத பிள்ளைக்கு வகுப்புச் சராசரியைப் போட்டால் என்ன ஆகும்? காய்ச்சலில் வராதவனுக்குப் போடலாம், பெரிய தப்பில்லை. ஆனால் படிக்காதவர்கள் மட்டும் வராமல் இருக்கிற வகுப்பில் போட்டால்? எல்லாரும் பாஸ். எங்கள் கடைசித் தெரு இரண்டாவது வகுப்பு. வராத காரணமும் மார்க்கும் ஒன்றோடொன்று கட்டுண்டு கிடக்கின்றன.

இதற்கு எங்கள் படிப்பில் ஒரு அத்தியாயமே உண்டு டீச்சர், பரீட்சைக்கும் எழுதியிருக்கிறேன், கண் முன்னால் வந்தபோது தெரியவில்லை என்றாள்.

அப்படியானால் காலிக் கட்டமெல்லாம் சுழி என்று மாற்றிவிடலாமா என்று கேட்டேன். கூடாது என்றாள். நியாயம். மகள் பிரசவத்துக்காகச் சரசு பொள்ளாச்சி போயிருந்த வாரமும் காலிதான். அது நிஜமாகவே தெரியாத வாரம். இரண்டாவது கட்டத்தில் வெளியே எடுத்ததாக எழுதியிருந்தால்தான் வேறு கணக்கு. அதிலும் அவசரப்படக் கூடாது, கொஞ்சம் வந்து, போதாமல் வெளியே எடுத்திருக்கலாம் இல்லையா. மூன்று கட்டத்தையும் சேர்த்துப் படிக்கும்படி கணக்கு முறையையே மாற்றி எழுதப்போகிறாள். மூன்று நாள் கேட்டாள்.

தன் கணக்கைத் தானே தப்பு என்று ஒப்புக்கொண்டு மறுபடி உட்காருகிறவளைப் பிடித்துப்போயிற்று.

மகள் ஷார்ஜாவிலிருந்து கூப்பிட்டாள். நான் தண்ணீரைப் பற்றியே பேசினேனாம்.

பிப்ரவரி 22, ஞாயிறு

புதுப் படம் வந்தது. கடைசித் தெரு, செவ்வாய், வெள்ளி: பெரும்பாலான வாரம் ஒன்றுமில்லை, சில வாரம் அரைகுறை. எவ்வளவு உறுதி என்பதற்கும் ஒரு பட்டை போட்டிருக்கிறாள். பட்டை அகலம்தான். மேல்தெருவின் பட்டையை எட்டித் தொடுகிற அளவு அகலமில்லை.

அதைவிடப் பெரிய விஷயம். சரசு இரண்டாவது கட்டத்தில் ‘ஜமீலா ஊட்டுல’ என்று எழுதிய நாட்களை, ஜமீலா மூன்றாவது கட்டத்தில் ‘சரசுக்கு’ என்று எழுதிய நாட்களோடு பக்கத்தில் பக்கத்தில் வைத்திருக்கிறாள் அனுபமா. தேதி தேதியாகச் சேருகிறது. குடமும் சேருகிறது. இருவரும் ஒருவர் நோட்டை ஒருவர் பார்த்ததே கிடையாது. என் வகுப்பில் இரண்டு பேர் விடை இப்படி ஒத்துப்போயிருந்தால் காப்பி அடித்தீர்களா என்றுதான் கேட்டிருப்பேன்.

தெருவில் தடிமனான கோடுகள் எல்லாம் போய் முடிகிற இடம் ஜமீலா வீடு. முதல் படத்தில் ஒதுக்கிவைத்த வீடு. தண்ணீர் வராத வெள்ளிக்கிழமைகளில் பாதித் தெரு அந்த அடிபம்பில்தான்.

சாயங்காலம் கடைக்குப் போனேன். லேப்டாப் இல்லை, காகிதத்தில் அச்செடுத்த படம். விரித்து வைத்தேன். உன் நோட்டுதான் சரி, பிளம்பரை என் வீட்டுக்குத்தான் கூப்பிட்டிருக்கணும் என்றேன். மன்னிப்புக் கேட்டேன். சுற்றி வளைக்காமல்.

படத்தை வெகுநேரம் பார்த்தாள். எது தன் வீடு என்று கேட்டாள். காட்டினேன்.

“இத்தன பேரா வந்தாங்க,” என்றாள். பிறகு, “அதான் பம்பு வாஷர் மாசத்துக்கு ஒண்ணு போகுது.”

நோட்டு கல்லாவுக்குக் கீழே இருந்தது. எடுத்துக் காட்டினாள். 16, 17, 18, 19, 20, 21. ஒரு நாளும் விடவில்லை.

பிப்ரவரி 26, வியாழன்

யோகம். பஞ்சாயத்து ஹால், மூன்று மணி. ஃபேன் இரண்டு, ஓடியது ஒன்று. எங்கள் பெண்கள் பதினாறு பேர். வேலையை விட்டு வந்திருக்கிறார்கள்.

அனுபமா படத்தைத் திரையில் காட்டினாள். ஓவர்சியர் நல்ல மனிதர், பொறுமையாகப் பார்த்தார். ஆனால் வீட்டுப் பெண்கள் எழுதிய நோட்டை வைத்து ஒரு பதிவேட்டை எப்படி மறுப்பது என்று கேட்டார். கேட்க வேண்டிய கேள்விதான். அனுபமா பட்டைகளைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தாள். ஹாலில் இருமல், கொட்டாவி.

சரசு எழுந்துவிட்டாள். நோட்டைத் திறந்தாள். நான் சொல்லித்தரவில்லை.

“டிசம்பர் அஞ்சு, வெள்ளி. ஜமீலா ஊட்டுல ரெண்டு குடம்.”

மறுகோடியிலிருந்து ஜமீலா, உட்கார்ந்தபடியே: “அஞ்சு. சரசுக்கு ரெண்டு.”

“ஒம்பது, செவ்வா. ஜமீலா ஊட்டுல மூணு.”

“ஒம்பது. சரசுக்கு மூணு.”

“பன்னண்டு, வெள்ளி. கோயல் கெணறு.”

பக்கம் புரட்டும் சத்தம். “பன்னண்டு. யாருக்கும் குடுக்கல. அன்னிக்கு நான் பாலக்காடு போயிருந்தேன், ஊடு பூட்டு.”

ஹாலில் சிரிப்பு. இருமல் நின்றது. இருவரும் ஜனவரி வரைக்கும் படித்தார்கள். ஓவர்சியர் பேனாவை மூடி வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். என் கண்ணாடியைத் துடைக்கிற மாதிரி குனிந்துகொண்டேன்.

வால்வு திறக்கும் சுகுமாரன் மட்டும் கோபமாக எழுந்தார். தான் திறக்கவில்லை என்று பதினாறு பேர் வந்து சொல்வதா என்றார்.

“நீங்க தொறந்தீங்கண்ணா, அது நெசம்,” என்றாள் சரசு. “எங்க ஊட்டுக்கு வரலை, அதுவும் நெசம். மேல்தெருக் குழாயெல்லாம் குடிச்சுப்போட்டுத்தானே கீழ வரோணும்?”

அவர் உட்கார்ந்தார். கொஞ்சம் கழித்து அவரே சொன்னார்: முதல் ஒரு மணி நேரம் மேல்தெரு வால்வுகளை அடைத்துவிட்டுக் கடைசித் தெருவுக்கு மட்டும் விட்டால் எட்டும். ஓவர்சியர் அதையே மினிட்ஸில் எழுதினார். மார்ச் 3 முதல், ஒரு மாதம் சோதனை. நோட்டுகள் தொடர வேண்டும். பதிவேட்டில் இனி இரண்டு கட்டம்: திறந்தது, சேர்ந்தது. சேர்ந்தது நம்மிடம் கேட்டு எழுதப்படும்.

திரும்பும் வழியில் எல்லாருக்கும் எலுமிச்சை சர்பத், ஜமீலா உபயம். பஸ் ஸ்டாண்டு வரைக்கும் கூட நடந்த சுகுமாரன் ஒரு கிளாஸ் வாங்கிக்கொண்டார்.

மார்ச் 3, செவ்வாய்

காற்று அடங்கிவிட்டது. புழுக்கம்.

காலை ஆறு பத்துக்குக் குழாயில் முதலில் வெறும் சத்தம், பிறகு செம்மண் நிறத்தில் கொஞ்சம், பிறகு தெளிவாக. சரசு தெருவில் நின்று எனக்குக் கை காட்டினாள். அவள் வீட்டில் ஒன்பது குடம். எனக்கு ஏழு. ஜமீலா வீடு வரைக்கும் போய்ச் சேர்ந்தது, நாலு.

சாயங்காலம் விளக்கு வைத்த பின் முதல் கட்டத்தில் 7 எழுதினேன். அழுத்தி எழுதியதில் மறுபக்கம் தெரிகிறது.

அனுபமா போன். பக்கத்து வார்டிலும் நோட்டு தொடங்கப்போகிறார்கள். முதல் பக்கத்தில் அச்சிட, எழுதுபவர்களுக்கும் கணக்குப் போடுபவர்களுக்கும் சேர்த்து ஒரே ஒரு குறிப்பு வேண்டுமாம், டீச்சர் எழுத வேண்டுமாம். அரைப் பக்கம் எழுதி அடித்தேன். உதாரணங்களையும் அடித்தேன், மனசில்லாமல். மிஞ்சியது:

காலிக் கட்டம் ஒன்றைக் கண்டால் நீங்களாக நிரப்பாதீர்கள், அந்த வீட்டுக்கு நடந்து போய், “அன்னிக்கு என்ன செஞ்சீங்க?” என்று கேளுங்கள்.